சிவப்பா, வெள்ளையா? ஷாத்தோ முசாரும் லெபனான் சாப்பாட்டு மேசையும்

லெபனான் ஒயின் என்று பேச்சு எடுத்தாலே ஷாத்தோ முசார் பெயர் வந்துவிடும். முசார் என்றால் அதன் சிவப்பு ஒயின்தான் எல்லோர் வாயிலும். அதே ஆலையிலிருந்து வரும் வெள்ளையைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. எனக்கு இது நெடுநாள் ஆதங்கம். சின்னச் சின்னத் தட்டுகள் அடைத்து நிற்கும் லெபனான் மேசைக்கு வெள்ளைதான் பொருந்தி வருகிறது என்பது என் கட்சி. சிவப்புக்கும் இடம் உண்டு. ஆனால் அது கடைசியில், ஆட்டுக்கறி வந்து இறங்கும் நேரத்தில்.

முதலில் சிவப்புக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். பெய்ரூட்டுக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில், கடலைப் பார்த்த மலைச்சரிவில் இருக்கிறது கஸீர். 1930-இல் கஸ்தோன் ஹொஷார் அங்கே இருந்த 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டையில் ஆலையைத் தொடங்கினார். திராட்சை விளைவதோ மலைக்கு அந்தப் பக்கம், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் பெக்கா பள்ளத்தாக்கில். பறித்த பழம் லாரியில் மலையேறி இறங்கித்தான் கஸீருக்கு வர வேண்டும். 1975-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் அந்தப் பாதையே போர்முனை ஆகிவிட்டது. 1976-இல் ஒயினே எடுக்க முடியவில்லை. 1984-இல் லாரிகள் சுற்றி வளைத்து வந்து சேர்வதற்குள் பழம் வண்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. 1959 முதல் ஒயின் செய்யும் பொறுப்பில் இருந்த மகன் செர்ஜ் ஹொஷார், இத்தனைக்கும் நடுவில் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுச் சந்தைகளுக்குப் போனார். 1979-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஒயின் சந்தையில் விமர்சகர் மைக்கேல் பிராட்பென்ட் முசாரை அந்தச் சந்தையின் கண்டுபிடிப்பு என்று கொண்டாடினார். 1984-இல் டிகான்டர் என்ற பிரிட்டிஷ் ஒயின் இதழ் தன் முதல் 'ஆண்டின் மனிதர்' விருதைச் செர்ஜுக்குக் கொடுத்தது. குண்டு விழும் ஊரிலிருந்து வரும் சிவப்பு ஒயின் என்ற கதை அப்போது உலகம் சுற்றியது. இன்றும் அந்தக் கதையின் பலத்தில்தான் சிவப்பு முன்னே நிற்கிறது.

கதையை ஒதுக்கிவிட்டுக் குடித்துப் பார்த்தாலும் அது பெரிய ஒயின்தான். கபர்னே சோவின்யோன், சன்ஸோ, கரின்யான் என்று மூன்று திராட்சைகள். மூன்றையும் தனித்தனியே சிமெண்ட் தொட்டிகளில் நொதிக்க விடுகிறார்கள். பிறகு பிரான்சின் நெவர் காட்டு ஓக் மரப் பீப்பாயில் ஓராண்டு. அதன் பின் கலப்பு, புட்டியில் அடைப்பு, மறுபடி சில ஆண்டு நிலவறை. அறுவடையாகி ஏழாம் ஆண்டில்தான் கடைக்கு வருகிறது. வடிகட்டுவதில்லை, ஆகவே அடியில் மண்டி இருக்கும். கபர்னே முதுகெலும்பு, கரின்யான் சதை, சன்ஸோ வாசனை. காய்ந்த அத்தி, செர்ரி, கிராம்பு, கொஞ்சம் பழைய தோல்பை. கூடவே மூக்கில் சுருக்கென்று ஏறும் ஒரு காடி நெடி, சில புட்டிகளில் நகப்பூச்சு வாடை அளவுக்கே போகும். இதைக் குறை என்று தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அளவோடு இருக்கும்போது பிடிக்கும். கொழுப்பான கறிக்கு நடுவில் அந்த நெடி ஒரு துண்டு ஊறுகாயின் வேலையைச் செய்கிறது.

கறி என்று சொன்னேன். சிவப்பு முசாரின் பலமும் பலவீனமும் அதில்தான். துவர்ப்புள்ள ஒயின் நாக்கை வறட்டுவதற்குக் காரணம், அது எச்சிலில் உள்ள புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்வது. தட்டில் கறியின் புரதமும் கொழுப்பும் இருந்தால் துவர்ப்பு அவற்றோடு மல்லுக்கு நிற்கும், நாக்கு தப்பிக்கும். அதனால் ஊஸி போன்ற பண்டத்தோடு இது அபாரம். மெதுவாக வெந்து எலும்பிலிருந்து கழன்று விழும் ஆட்டுத்தொடை, பட்டையும் மிளகும் போட்ட அரிசி, மேலே நெய்யில் வறுத்த பாதாமும் பைன் பருப்பும். சாதத்தில் இருக்கும் பட்டை வாசனையும் ஒயினில் இருக்கும் கிராம்பு வாசனையும் எங்கே சேர்கின்றன என்று பிரித்துச் சொல்ல முடியாது. கறியும் உடைத்த கோதுமையும் சேர்த்து அரைத்து, தட்டில் பரப்பிச் சுட்ட கிப்பேயும் இதே கணக்குதான்.

ஆனால் லெபனான் சாப்பாடு ஊஸியில் தொடங்குவதில்லை. தொடங்குவது மெஸ்ஸே என்ற அந்தச் சின்னத் தட்டுகளின் வரிசையில். தப்பூலே வருகிறது: பொடிப்பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, கொஞ்சம் உடைத்த கோதுமை, தக்காளி, தாராளமாக எலுமிச்சைச் சாறு. ஃபத்தூஷ் வருகிறது: காய்கறியும் ரொட்டித் துண்டும் கலந்து, சுமாக் என்ற புளிப்புப் பொடி தூவிய இன்னொரு புளிப்பு. பச்சைப் பூண்டை எண்ணெயோடு அடித்து வெண்ணெய்போல் ஆக்கிய தூம், கெட்டித்தயிரான லப்னே, சுட்ட கத்தரிக்காயில் எள்ளுவிழுது கலந்த மூதப்பல். இவற்றுக்கு நடுவில் சிவப்பு திணறுகிறது. தட்டிலிருக்கும் புளிப்பு ஒயினின் புளிப்பைவிடக் கூடுதலாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். எலுமிச்சை சொட்டும் ஒரு வாய் தப்பூலேவுக்குப் பிறகு சிவப்பு முசாரில் பழம் காணாமல் போகிறது, துவர்ப்பு மட்டும் மிச்சம். மீனோடு இன்னும் மோசம். வாயில் இரும்பு வாடை அடிக்கும். ஏழு ஆண்டு காத்து வைத்த ஒயினை இப்படிப் பாழாக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இனி வெள்ளை. இதில் பிரெஞ்சுத் திராட்சை எதுவும் கிடையாது. ஒபைதே, மெர்வா என்ற இரண்டும் லெபனான் மலையின் சொந்தப் பழங்கள். ஏறக்குறைய 1,200 முதல் 1,400 மீட்டர் உயரத்தில், வேறு வேரில் ஒட்டுப்போடாமல் சொந்த வேரிலேயே நிற்கும் கிழட்டுக் கொடிகள். சாற்றை ஓக் பீப்பாயில் நொதிக்க வைத்து, சில மாதம் அங்கேயே விட்டு, பிறகு புட்டியில் அடைத்து, சிவப்பைப் போலவே ஏழாம் ஆண்டில் வெளியே விடுகிறார்கள். வெள்ளை ஒயினை இத்தனை ஆண்டு காக்க வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். கண்ணாடியில் ஊற்றினால் பழைய பொன் நிறம். தேன்மெழுகு, வறுத்த பருப்பு, உப்பில் ஊறிய எலுமிச்சை. மணம் தேன் என்று சொல்லும், நாக்கில் இனிப்பு துளியும் இராது.

முதல்முறை நான் இதைக் குடித்தது லெபனானின் ஜுபைல் துறைமுகத்தை ஒட்டிய ஓர் உணவகத்தில். ஐஸ் வாளியில் அமுக்கி வைத்து, கண்ணாடி வியர்க்கும் அளவுக்குக் குளிரில் ஊற்றினார்கள். ஒரு வாசனையும் இல்லை. புளித்த தண்ணீர் போலிருந்தது. இவ்வளவு விலைக்கு இதுவா என்று மனம் நொந்து கண்ணாடியை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, மூதப்பல் தட்டை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தபோது கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. அதற்குள் குளிர் விட்டிருந்தது. வறுத்த எள்ளின் வாசம் தட்டிலிருந்து வருகிறதா, கண்ணாடியிலிருந்து வருகிறதா என்று முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். இரண்டிலிருந்தும்தான். கத்தரிக்காய்த் தோல் கருகிய புகை வாடைக்கு ஓக் பீப்பாயின் வாடை அண்ணன் தம்பி போல ஒட்டிக்கொண்டது. இந்தக் கட்சிக்கு நான் வந்தது அன்றைக்குத்தான்.

காரணம் யோசித்தால் விளங்குகிறது. இதில் சிவப்பின் துவர்ப்பு இல்லை, ஆகவே எலுமிச்சையோடும் மீனோடும் சண்டை இல்லை. இளம் வெள்ளை ஒயின்களைவிட உடம்பு கனம், ஆகவே பூண்டுக்கும் எள்ளுக்கும் அடங்கிப்போவதில்லை. பச்சைமிளகாய், பூண்டு, கொத்தமல்லி, எள்ளுவிழுது சேர்த்துச் சமைக்கும் சம்கே ஹர்ரா என்ற கார மீனோடு சிவப்பைக் கொஞ்சமும் நினைக்க முடியாது. ஒயினில் உள்ள ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும் என்பதால், சிவப்பைவிட ஆல்கஹால் குறைந்த வெள்ளைக்கு இங்கேயும் சாதகம். தப்பூலேவில் மட்டும் வெள்ளையும் முழு வெற்றி பெறவில்லை, தாக்குப்பிடிக்கிறது, அவ்வளவுதான்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஹொஷார் பெர் எ ஃபீஸ் என்ற சிவப்பு ஒன்று இருக்கிறது. ஆனா என்ற கிராமத்துத் தோட்டத்திலிருந்து வருவது, சன்ஸோ தூக்கலாக இருக்கும், பீப்பாயில் கழிக்கும் காலமும் குறைவு. கஃப்தாவுக்கு, அதாவது அரைத்த கறியைப் பிடித்துக் கரியில் சுட்டதற்கு, நான் பெரிய முசாரைத் திறக்கமாட்டேன், இதைத்தான் திறப்பேன். ஓக்கே படாத முசார் ழோன் வரிசை மத்தியான சாப்பாட்டுக்கு. அதன் ரோஜா நிற ஒயின் தூம் தொட்ட கோழிக்கு நல்ல துணை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஒரு தட்டில் மட்டும் எந்த ஒயினும் ஜெயிப்பதில்லை: கிப்பே நய்யே. பச்சை ஆட்டுக்கறியைக் கோதுமையோடு விழுதாக அரைத்து, எண்ணெய் ஊற்றி, புதினாவும் வெங்காயமும் வைத்துச் சாப்பிடுவது. அதற்கு அரக்குதான். சோம்பு போட்டுக் காய்ச்சிய அந்தச் சாராயத்தில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டதும் பால்போல் வெளுக்கும். சோம்பின் குளிர்ச்சி பச்சைக்கறியின் வாடையைத் துடைத்து எடுத்துவிடுகிறது. முசார் ஆலையே அரக்கும் காய்ச்சுகிறது என்பதால் இதில் கௌரவப் பிரச்சினை இல்லை.

வாங்கி வைத்திருப்பவர்களுக்கு: சிவப்பை ஒரு நாள் முன்னதாகவே நிமிர்த்தி வைத்து மண்டியை அடியில் படிய விடுங்கள். குடிக்கச் சில மணி நேரம் முன்பே திறந்து, கடைசி அங்குலத்தைப் புட்டியிலேயே விட்டு, மற்றதை வேறு குடுவைக்கு மெதுவாக இறுத்துவிடுங்கள். வெள்ளையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது வெளியே வையுங்கள். 15 டிகிரி சரியாக இருக்கும். 2014-இல் மறைந்த செர்ஜ் ஹொஷார், இரண்டும் மேசையில் இருந்தால் சிவப்பை முதலில் ஊற்றி வெள்ளையைக் கடைசிக்கு வைப்பது வழக்கமாக இருந்தது. கனமான ஒயின் வெள்ளைதான் என்பது அவர் கணக்காக இருந்தது. நான் அதில் பாதிதான் அவர் பேச்சைக் கேட்கிறேன். மெஸ்ஸேயோடு வெள்ளை, ஆட்டுத்தொடையோடு சிவப்பு. தட்டுகளை எடுத்த பிறகு பைன் பருப்பும் வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டியும் கொறிக்கும்போது, மிச்சம் வைத்த வெள்ளை இன்னொரு முறை.