ரெண்டாவது கம்ப்யூட்டரை பாயிங்க் கணக்குல சேக்க எந்த வழி நல்லது? பாஸ்வேர்டா, வீக் கீயா, அக்கவுன்ட் மேனேஜரா?

மண்டபத்துல எங்க வீட்டு டெஸ்க்டாப்ல மூணு வருஷமா பாயிங்க் ஓடுது, சும்மா இருக்கிற கம்ப்யூட்டரோட சக்திய நெட் வழியா ஆராய்ச்சி வேலைக்குக் குடுக்கிற ப்ரோக்ராம் அது. நான் ஓட்டுறது ஐன்ஸ்டீன் அட் ஹோம் ப்ராஜெக்ட், பல்சாரும் (வேகமா சுத்தி சிக்னல் விடுற செத்த நட்சத்திரம்) ஈர்ப்பு அலையும் தேடுறது. போன மாசம் தங்கச்சிமடத்துல அக்கா வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடையில ஒரு பழைய ஐ5 மெஷின் சும்மா கெடந்துச்சு, அதையும் என் கணக்குலயே சேத்துக்கவா மச்சான்னு கேட்டேன். அவர் உடனே, "சேத்துக்க மாப்ள, ஆனா இங்க நாலு பேரு உக்காந்து எந்திரிக்கிற மெஷினு, உன் பாஸ்வேர்ட இதுல போட்டு வச்சுட்டு போயிறாத"ன்னார். ரொம்ப சரியான பேச்சு. அதனாலதான் மூணு வழியையும் உக்காந்து அலசுனேன்.

மொத வழி எல்லாருக்கும் தெரிஞ்சது. பாயிங்க் மேனேஜரத் தொறந்து, ப்ராஜெக்ட் சேர்னு குடுத்து, ஏற்கனவே கணக்கு இருக்குன்னு டிக் பண்ணி, பழைய மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. இதுல ஒண்ணு கவனிங்க, புதுக் கணக்குன்னு மாத்தி அமுக்கி வேற மெயில் ஐடி குடுத்துட்டீங்கன்னா கிரெடிட், அதாவது செஞ்ச வேலைக்குக் கெடைக்கிற புள்ளி, ரெண்டா பிரிஞ்சுரும், அப்புறம் ரெண்டு கணக்கையும் ஒண்ணாக்க வழி கெடையாது. சரி, இதுல என்ன ஆபத்துன்னா, டைப் பண்ற பாஸ்வேர்ட் அப்படியே மெஷின்ல தங்காது, ஆனா கணக்கோட முழுச் சாவி, அக்கவுன்ட் கீன்னு சொல்றது, டேட்டா ஃபோல்டர்ல ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல நோட்பேட்ல படிக்கிற மாதிரி கெடக்கும். அந்தச் சாவி கெடச்சா பாஸ்வேர்ட் இல்லாமலே உங்க கணக்குக்குள்ள நுழையலாம். சொந்த வீட்டு மெஷின்னா கவலையில்ல. கடைன்னா நான் செய்ய மாட்டேன்.

ரெண்டாவது வழி வீக் கீ. ப்ராஜெக்ட் தளத்துல லாகின் பண்ணி, கணக்குப் பக்கத்துல அக்கவுன்ட் கீஸ்னு இருக்கிற எடத்துக்குப் போனா முழுச் சாவிக்குப் பக்கத்துலயே இன்னொரு சாவியும் காட்டும். இத வச்சு கம்ப்யூட்டர கணக்குல சேக்க மட்டும்தான் முடியும், உள்ள போயி மெயில் ஐடிய மாத்துறதோ வேற எதுவுமோ பண்ண முடியாது. அங்கயே ஒரு சின்ன எக்ஸ்எம்எல் துண்டும் குடுப்பாங்க, அத ஃபைலாக்கி பென்டிரைவ்ல கொண்டுபோயி, சி டிரைவ்ல ப்ரோக்ராம்டேட்டாவுக்குள்ள இருக்கிற பாயிங்க் ஃபோல்டர்ல போட்டு (மறைஞ்சிருக்கும், ஹிட்டன் ஃபைல காட்டச் சொல்லணும்) பாயிங்க மூடித் தொறந்தா மெஷின் உங்க பேர்ல சேந்துரும். எனக்கு இதுதான் மனசுக்குப் பட்டது. ஒரே ஒரு சங்கடம், பாஸ்வேர்ட மாத்துனா வீக் கீயும் மாறிரும், பழசு செல்லாது. அதனால மொதல்ல பாஸ்வேர்ட மாத்த வேண்டியிருந்தா மாத்திட்டு அப்புறம் சாவிய எடுங்க.

இந்த எடத்துல என் அனுபவம் ஒண்ணு சொல்லியே ஆகணும். ரெண்டாவது மெஷின்ல எல்லாத்தையும் திரும்ப டவுன்லோட் பண்ணணுமேன்னு, கடையில நெட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்தான், வீட்டு மெஷினோட டேட்டா ஃபோல்டர முழுசா காப்பி பண்ணி கொண்டுபோயிட்டேன். க்ளையன்ட் ஸ்டேட்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுலதான் சர்வர் மெஷின அடையாளம் பாக்குற ஹோஸ்ட் நம்பர் இருக்கு, அதுவும் கூடவே போயிருச்சு. ரெண்டு மெஷினும் ஒரே நம்பர்ல சர்வர கூப்பிட, சர்வர் ஒண்ண புது மெஷின்னு பதிஞ்சுட்டு, பாதி ஓடிட்டு இருந்த வேலைங்கள கைவிடப்பட்டதுன்னு போட்டுருச்சு. எட்டு மணி நேரம் ஓடுன வேலையெல்லாம் போச்சு, மனசு கேக்கல. சர்வர் ஏன் இவ்ளோ கறாரா இருக்குன்னா, ஒரே வேலைய பெரும்பாலும் ரெண்டு வெவ்வேற மெஷினுக்கு அனுப்பி விடைய ஒப்பிட்டுப் பாத்துத்தான் ஏத்துக்கும். 2010ல ஐன்ஸ்டீன் அட் ஹோம் மொத பல்சார கண்டுபிடிச்சப்போ கூட, அமெரிக்காவுல அயோவாவுல ஒரு தம்பதியோட கம்ப்யூட்டர், ஜெர்மனியில ஒரு கம்ப்யூட்டர், ரெண்டுலயும் அதே சிக்னல் வந்துச்சு. அதனால கணக்கு ஒண்ணா இருக்கலாம், மெஷின் ஒவ்வொண்ணும் தனி ஆளு. சாவி ஃபைல மட்டும் கொண்டுபோங்க, ஃபோல்டர தொடாதீங்க.

மூணாவது அக்கவுன்ட் மேனேஜர். பாயிங்க்ஸ்டாட்ஸ் தளத்தோட பாம்ங்கிறதுல ஒரு தடவ பதிஞ்சுட்டா, எந்த மெஷின்ல எந்த ப்ராஜெக்ட் ஓடணும்னு ஒரே எடத்துல இருந்து மாத்தலாம், பாம்பன் பாலம் தாண்டி கடைக்குப் போக வேண்டியதில்ல. அஞ்சாறு மெஷின், நாலஞ்சு ப்ராஜெக்ட் வச்சிருக்கவங்களுக்கு கண்டிப்பா இதுதான். ரெண்டு மெஷின் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு நடுவுல இன்னொரு தளம், இன்னொரு பாஸ்வேர்ட் எதுக்கு? சயின்ஸ் யுனைடெட்டும் இதே வகைதான், ஆனா அதுல ப்ராஜெக்ட்ட நீங்க எடுக்க முடியாது, வானியல், மருத்துவம்னு துறையத்தான் சொல்லணும், கிரெடிட்டும் ப்ராஜெக்ட்ல உங்க சொந்தப் பேர்ல ஏறாது. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அருமை, ஏற்கனவே கணக்கு இருக்கவங்களுக்கு ஒத்து வராது.

ஆக வீட்டு மெஷினுக்கு பாஸ்வேர்ட், மச்சான் கடைக்கு வீக் கீன்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா சேத்தவுடனே வேலை முடிஞ்சிராது. ரெண்டும் ஒரே கணக்குங்கிறதால வீட்டுக்கு வச்ச செட்டிங்தான் கடைக்கும் போகும். அதுக்குத்தான் ப்ராஜெக்ட் தளத்துல ஹோம், வொர்க், ஸ்கூல்னு பிரிவு இருக்கு, கடை மெஷின வொர்க்ல போட்டு, சிபியு பாதி மட்டும், யாராவது மவுஸ தொட்டா நிக்கணும், வேலை சேமிப்பு (முன்கூட்டியே டவுன்லோட் பண்ணி வைக்கிற வேலை) அரை நாளுக்கு மேல வேணாம்னு வச்சேன். கரண்ட் இங்க அடிக்கடி போகும், கடைசியா சேவ் ஆன எடத்துல (செக்பாயின்ட்) இருந்துதான் திரும்ப ஓடும், அதனால சேத்து வச்சா கெடு தாண்டிரும்.

கரண்ட் பில்லையும் மச்சான்கிட்ட மறைக்காம சொன்னேன். 60 வாட் இழுக்குற மெஷின் ராப்பகலா ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட் ஆகுது, அது கடை மீட்டர்ல ஏறும், வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்ங்கிற சலுகை அங்க கெடையாது. அதனால கடை தொறந்திருக்கப்ப மட்டும்னு நேரம் வச்சு, கூடுற காச நானே குடுக்கிறேன்னு பேசிக்கிட்டோம்.

அப்புறம் கேபினட்ட தொறந்து பாத்தேன். கடையில இருந்து கடல் கூப்புடு தூரம்தான், ஃபேன் இறக்கையில உப்பும் தூசியும் ஈரத்துல கெட்டியா அப்பி வெள்ளையா படிஞ்சிருக்கு, பின்னாடி ஸ்க்ரூ ரெண்டு துரு ஏறி திருகவே வரல. பழைய பெயின்ட் பிரஷ்ஷால தட்டி எடுத்து, ப்ராசசர் சூட்ட கடத்துற தெர்மல் பேஸ்ட் புதுசா வச்சதுக்கு அப்புறம்தான் சாவி ஃபைல போட்டேன். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மாசம் ஒரு தடவ பிரஷ் போட்டு விடுறேன்னு மச்சான் ஒத்துக்கிட்டார், பிரஷ்ஷ கவுன்ட்டர் பக்கத்துல ஆணியில மாட்டி வச்சிட்டு வந்திருக்கேன்.