பியூ ஃபோம் என்று சொல்லி ரெஜிபோம் விற்றார்கள்: 46,900 ரூபா போச்சு

திருகோணமலையில் வீட்டு முற்றத்தில் வைத்துப் படகு ஐஸ் பெட்டி மூடி, இருக்கைப் பலகை என்று பைபர் வேலை செய்கிற ஆட்கள் இதை வாசித்துவிட்டு ஃபோம் வாங்குங்கோ. விற்றது முகநூலில் பக்கம் வைத்துக் கொழும்பிலிருந்து கூரியரில் சாமான் அனுப்புகிற ஒரு கடை. பெயர் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் பக்கம் திறப்பார்கள்.

கேட்டது தெளிவாகத்தான் கேட்டது. 4 அடிக்கு 2 அடி, 2 அங்குலத் தடிப்பு, பியூ (பொலியூரெத்தேன்) ஃபோம், 6 பலகை. மேலே பொலியெஸ்டர் ரெசின் போடுவோம் என்றும் எழுதியிருந்தது. "போட் வேலைக்கென்றே இறக்கிறது அண்ணன்" என்று பதில் வந்தது. பலகை 4,500 படி 27,000. கூரியர் 2,300. முழுக்காசும் முதலே வங்கியில் போட்டாச்சு.

வந்தது இளமஞ்சள் நிறம், ஓரத்தில் "பியூ" ஸ்டிக்கர். பார்வைக்குப் பிழை இல்லை. வாளால் அறுக்கும்போதுதான் இடித்தது. பியூ மாவாகக் கொட்டும், பெருவிரலால் தேய்த்தாலே பொடி வரும். இது கிறீச்சென்று சத்தம் போட்டது, பொடி இல்லாமல் பிய்ந்து பிய்ந்து வந்தது. வீடியோ எடுத்து அனுப்பினால், "அது ஹை டென்சிட்டி அண்ணன், அப்படித்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு போடுங்க" என்றார்கள். அந்த ஒரு வசனத்தை நம்பினதுதான் மடைத்தனம். வெட்டின துண்டு ஒன்றில் ஒரு சொட்டு ரெசின் விட்டிருந்தால் கூரியரோடு 29,300 உடன் நின்றிருக்கும்.

வேலை நடந்த விதம் இது: மெழுகு பூசிய மேசையில் சதுர மீற்றருக்கு 450 கிராம் வரும் மற் (கண்ணாடி நூல் பாய்) இரண்டு படை, மற்றின் நிறைக்கு இரண்டு மடங்கு ரெசின், ஈரம் காயமுதல் ஃபோமைப் பதித்து, மேலே பொலித்தீன் விரித்துக் கல் பாரம். கச்சான் அடிக்கிற காலம் என்பதால் விடியற்காலையிலேயே ஆறையும் போட்டு முடித்தது. ரெசினை இறுக வைக்கிற ஹாட்னர் 1 வீதம், அதாவது கிலோவுக்கு 10 கிராம், தராசில் நிறுத்தது. பாரத்துக்குக் கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, அதுதான் வினை. அடுத்த நாள் கல்லை எடுத்தால் ஃபோம் குழி குழியாக அமுங்கி, ஓரம் சுருண்டு, அடியில் மற் இறுகாமல் சுயிங்கம் மாதிரி இழுபட்டது. ரெசின் 9 கிலோ 12,600, மற் 4 கிலோ 5,000. எல்லாம் சேர்த்து 46,900.

காரணம் மர்மம் இல்லை. பொலியெஸ்டர் ரெசினைத் தண்ணியாக வைத்திருப்பது ஸ்டைரீன். ரெஜிபோம், வெள்ளை மணி வகையோ இறுக்கமான பலகை வகையோ, அதே ஸ்டைரீனால் ஆன பொலிஸ்டைரீன். ஒன்று மற்றதைக் கரைக்கும். கரைந்த பிளாஸ்ரிக் ரெசினுக்குள் கலந்தால் அதுவும் ஒழுங்காக இறுகாது. பியூவும் பீவீசீ ஃபோமும் இப்படிக் கரையாது. எப்பொக்சி வேறு வகை ரெசின், அதில் ஸ்டைரீன் இல்லை, அதனால் ரெஜிபோமுக்கு எப்பொக்சி போடலாம். ஆனால் சாதாரண மற் வேண்டாம். அதன் நூலைப் பிடித்திருக்கிற பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்தது, எப்பொக்சியில் இளகாமல் விறைத்து நிற்கும். நெய்த துணிதான் சரி. பெயின்ற் அடித்து, ரேப் ஒட்டி ரெஜிபோமைக் காப்பாற்றலாம் என்பவர்களை நம்ப வேண்டாம். ஒரு ஊசித்துளை போதும்.

இனி அவர்களின் சாட்டுகள். முதலில் "ஹாட்னர் கூடியிருக்கும், சூட்டில் உருகிட்டு". ஹாட்னர் கூடினால் ரெசின் புகைந்து வெடிக்கும், பழுப்பாகும், கல்லாகும். இங்கே இறுகவே இல்லையே! பிறகு "உங்கட ரெசின் பழசு". அதே டின்னில் மிஞ்சின ரெசின் வெறும் மற்றில் சிரட்டை மாதிரி இறுகினது, படம் அனுப்பியாச்சு. பிறகு "வெட்டின சாமான் திருப்பி எடுக்கமாட்டோம்". வெட்டாமல் எப்படி அண்ணன் மூடி செய்கிறது? கடைசியாக "முதலாளி வெளிநாட்டில்". அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீலச் சரி மட்டும் விழுந்தது, இப்போது அதுவும் இல்லை. 46,900 ரூபாவுக்கு ஒரு மன்னிப்புக் கூட இல்லை.

விவரமாகச் சோதனை முறைகள் எழுதத்தான் இருந்தோம், ஆத்திரத்தில் ஓடவில்லை. இவ்வளவும் பாருங்கோ: வந்த உடனே வெட்டின சிறு துண்டில் ஹாட்னர் போடாத ரெசின் ஒரு சொட்டு, கால் மணித்தியாலம். குழி விழுந்தால் ரெஜிபோம். ரெசின் இல்லாவிட்டால் அசிற்றோன், அது இன்னும் கெதியாகக் காட்டும். நிறத்தையும் ஸ்டிக்கரையும் நம்பாதேங்கோ. உண்மையான பியூ கிடைத்தால் அதைச் சூட்டுக் கம்பியால் வெட்டாதேங்கோ, புகை நஞ்சு. முழுக்காசு முதலில் போடாதேங்கோ. பற்றுச்சீட்டு கேளுங்கோ. எங்களிடம் அது இல்லை, நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அடிக்கிறதென்றாலும் கையில் இருப்பது வங்கித் துண்டும் வாட்ஸ்அப் பேச்சும்தான்.