ஃபைபர் வரைபடம்: கூகுள் எர்த்தா, க்யூஜிஐஎஸ்ஸா, ஸ்மால்வேர்ல்டா?

இணையம் தரும் ஃபைபர் கேபிள் அறுந்ததும், இழைக்குள் ஒளியை அனுப்பிப் பழுதைத் தேடும் ஓடிடிஆர் கருவி ஒரு தூரத்தைக் காட்டும். 3,400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது இழையின் நீளம், சாலையின் நீளம் அல்ல. வழியில் பத்து இடங்களில் தலா 20 மீட்டர் லூப் (உபரியாகச் சுருட்டி வைத்த கேபிள்) விட்டிருந்தால், அறுந்த இடம் சாலையில் ஏறக்குறைய 3,200 மீட்டரில் இருக்கும். இந்த 200 மீட்டர் கணக்கில் வராவிட்டால் வேறு தெருவில் போய்த் தேடிக்கொண்டிருப்போம்.

நெட்வொர்க்கை வரைபடத்தில் பதிவுசெய்ய எந்த மென்பொருள் நல்லது என்று யார் கேட்டாலும், இப்படிக் கேபிள் அறுந்த நேரத்தை வைத்துத்தான் எடை போடச் சொல்வேன். எங்கே போக வேண்டும்? யார் யாருக்கு இணைப்பு போயிருக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் வர வேண்டும். வரைபடத்தின் அழகெல்லாம் அப்புறம்தான்.

முதல் வழி கூகுள் எர்த்தும் எக்செல்லும். சிறு ஆபரேட்டர்களுக்கு இதுதான் கைக்கு எட்டும் வழி. கூகுள் எர்த் ப்ரோ 2015 முதல் இலவசம், ஒரே மதியத்தில் பழகிவிடலாம், வரைந்த கோடுகள் அடங்கிய கேஎம்எல் கோப்பை லைன்மேனின் போனுக்கே அனுப்பிவிடலாம். தோண்டும் வேலைகளை முன்கூட்டியே கேபிள் உரிமையாளருக்குத் தெரிவிக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' செயலியைக் கொண்டுவந்தது. கவனமில்லாமல் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போது அரசே சொன்னது. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் 'அங்கே எங்கள் கேபிள் இருக்கிறது' என்று பதில் சொல்ல கேஎம்எல் போதும். ஒரு நிபந்தனை உண்டு: அந்தக் கோட்டை செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து உத்தேசமாக இழுத்திருக்கக் கூடாது, ஜிபிஎஸ்ஸுடன் நடந்து பதிந்திருக்க வேண்டும்.

ஆனால் கூகுள் எர்த்தில் கேபிள் வெறும் கோடு. அதற்குள் 24 கோர் (தனித்தனி இழைகள்) இருப்பதோ, கேபிள்கள் சேரும் ஜாயின்ட்டில் நீலக் கோர் எதனோடு ஒட்டப்பட்டது என்பதோ அதற்குத் தெரியாது. அதெல்லாம் எக்செல்லில் கிடக்கும். இரண்டையும் இணைப்பது ஜாயின்ட்டின் பெயர் மட்டும்தான். ஒரு பக்கம் 'ஜே-14', மறுபக்கம் 'ஜாயின்ட் 14' என்று இருந்தால் அந்த இணைப்பும் போச்சு. எல்லாவற்றையும் தன் கையால் போட்ட ஒருவர் கூடவே இருக்கும்வரை, ஒரு ஓஎல்டி (வாடிக்கையாளர் இணைப்புகள் தொடங்கும் ஆபரேட்டரின் மையக் கருவி) அளவுக்கு இது தாங்கும்.

வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸும், இடத்தரவைத் தரவுத்தளத்தில் சேமிக்க உதவும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் சேர்ந்தது இரண்டாம் வழி. ஒன்று 2002-இல் தொடங்கிய திட்டம், மற்றது 2001-இல் வெளிவந்தது. இரண்டும் திறந்த மூலம். கேபிள், கோர், ஜாயின்ட், ஸ்ப்ளைஸ் (இரு கோர்களை ஒட்டிய இடம்), ஸ்ப்ளிட்டர் (ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கருவி) போர்ட் என்று தனித்தனி அட்டவணை. ஒரு கோரின் ஒரே முனையை இரண்டு இடத்தில் ஒட்டியதாக யாராவது பதிந்தால், தரவுத்தளமே மறுக்கும்படி விதி போடலாம். ஓஎல்டி போர்ட்டில் தொடங்கி வாடிக்கையாளர் வீடுவரை ஒரே வினவலில் தொடரலாம். கோட்டின் மீது இத்தனை தூரத்தில் எந்தப் புள்ளி என்று சொல்லும் செயல்பாடு போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் தயாராகவே உள்ளது. லூப் நீளங்களைக் கழித்துவிட்டுக் கொடுத்தால் ஓடிடிஆர் தூரம் வரைபடத்தில் புள்ளியாக விழும். களத்தில் பதிய க்யூஃபீல்ட் செயலி இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. 1310 நானோமீட்டர் அலைநீள ஒளிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டிபி (டெசிபல், ஒளி இழப்பின் அளவு), 1:32 ஸ்ப்ளிட்டருக்குச் சுமார் 17 டிபி என்று கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டிய இழப்பு தெரிந்துவிடும். வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு தரும் ஜிபான் முறையில் பரவலாக உள்ள பி பிளஸ் வகைக்கு இழப்பின் எல்லை 28 டிபி. அளந்த இழப்பு கணக்கிலிருந்து வெகுவாக விலகினால், கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது நம் பதிவு தப்பு. பதிவைத் தினமும் சரிபார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

உரிமக் கட்டணம் இல்லை என்பதற்காக இது இலவசம் என்று நினைக்க வேண்டாம். அட்டவணைகளை நாமேதான் வடிவமைக்க வேண்டும், தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் தெரிந்த ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவர் போன நாளில் எல்லாம் நின்றுவிடும். இரண்டாவது ஆளையும் பழக்கி வையுங்கள்.

மூன்றாவது, பணம் கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள் தொகுப்புகள். ஸ்மால்வேர்ல்ட் 1980-களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் பிறந்து 2000-இல் ஜிஇ கைக்குப் போனது. கோர், ஸ்ப்ளைஸ் எல்லாம் அதில் தயாராக வருகின்றன. அதன் உண்மையான பலம் பதிப்புகள்: ஒரு குழு மாதக்கணக்கில் புதிய வழித்தடத்தை வடிவமைக்கலாம், நடப்புப் பதிவு கலையாது. க்யூஜிஐஎஸ்ஸில் இதை நாமே கட்ட வேண்டும், எளிதல்ல. ஆனால் ஸ்மால்வேர்ல்டை நம் தேவைக்கு மாற்ற மேஜிக் என்ற நிரல்மொழி தெரிய வேண்டும், தெரிந்தவர்கள் குறைவு. இன்னொரு தொகுப்பான ஆர்க்ஜிஐஎஸ்ஸுக்கு ஆள் எளிதாகக் கிடைப்பார்கள். அதன் பழைய செயலியான ஆர்க்மேப்புக்கான ஆதரவுக்கு 2026 மார்ச்தான் கெடு என்பதால், அதன் புதிய முறையான யூட்டிலிட்டி நெட்வொர்க்குக்கு மாறும் செலவையும் பழைய பயனர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு மூன்று ஓஎல்டி, ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்ப்ளைஸிங் குழு என்று வளர்ந்தவர்கள் க்யூஜிஐஎஸ் பக்கம் வந்துவிடுவது நல்லது. பல மாவட்டங்களில் வடிவமைப்புக் குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தால் மட்டும் பெரிய தொகுப்புக்குப் பணம் போடலாம். அப்படி வாங்கும்போது, தரவைத் திரும்ப எடுக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஷேப்ஃபைல் (ஒரு வரைபடக் கோப்பு வகை) தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம், அதில் கோடுகள்தான் வரும். எந்தக் கோர் எதனோடு ஒட்டியிருக்கிறது என்ற ஸ்ப்ளைஸ் அட்டவணையும் சேர்ந்து வர வேண்டும்.