செட்டிநாட்டு வீடுகளுக்குள் ஒரு காம்பாக்ட்டும் ஒரு டிஎஸ்எல்ஆரும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடுகளைப் படமெடுத்து வைப்பது பல வருடங்களாக எனக்கு வேலையாகவும் ஆசையாகவும் இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கே போனாலும் இரண்டு கேமராவும் கூட வரும். ஒன்று சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, லென்ஸைக் கழற்ற முடியாத சின்னக் கேமரா, அதாவது காம்பாக்ட். எடை 290 கிராம், பேன்ட் பையில் போய்விடும். இன்னொன்று நிக்கான் டி5600, லென்ஸை மாற்றி மாட்டக்கூடிய டிஎஸ்எல்ஆர். பேட்டரியோடு பாடி மட்டும் 465 கிராம், லென்ஸ் எடை தனி. எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: கேமராவோடு கூட வரும் 18-55 கிட் லென்ஸோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் டிஎஸ்எல்ஆர் வாங்க வேண்டாம். நல்ல காம்பாக்ட் ஒன்றே போதும்.

கடையில், படத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் அளவைக் காட்டுவார்கள். டி5600-இல் அது 23.5 x 15.6 மி.மீ., சோனியில் 13.2 x 8.8 மி.மீ. பரப்பில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பது உண்மைதான். அப்படியே லென்ஸையும் பாருங்கள், எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். சோனியின் லென்ஸ் வைடில், அதாவது அகலக் கோணத்தில், எஃப் 1.8, ஜூம் முனையில் எஃப் 2.8. கிட் லென்ஸோ 3.5-இல் தொடங்கி 5.6-இல் முடிகிறது. சாயங்காலம் வீட்டின் பட்டாலைப் பகுதிக்குள் கையில் பிடித்து எடுக்கும்போது நிக்கான் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 கேட்டால், அதே ஷட்டர் வேகத்தில் சோனி 800-இல் முடித்துவிடும். இரண்டு படத்தையும் ஒரே அளவில் வைத்துப் பார்த்தால் நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் பொரிப்பொரியான கலங்கல், கிட்டத்தட்ட ஒன்றுதான். கோணத்திலும் காம்பாக்ட்டுக்கே லாபம். ஃபுல்ஃப்ரேம் கேமராவின் கணக்கில் அதன் வைடு 24 மி.மீ.க்குச் சமம் (எண் குறைந்தால் கோணம் அகலம்), கிட் லென்ஸின் வைடு 27-க்குத்தான் வரும். இரண்டாம் கட்டு அறைகளில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பவருக்கு அந்த மூன்று மி.மீ. பெரிய விஷயம்.

சரி, அப்படியானால் டிஎஸ்எல்ஆரை ஏன் இன்னும் சுமக்கிறேன்? நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் சேர்ந்த வளவுக்காக. நடுவில் வெயில் நேராக இறங்கும். சுற்றிலும் தாழ்வாரத்தில் பர்மாத் தேக்குத் தூண்கள் இருட்டுக்குள் நிற்கும். வெயிலுக்கு அளவு வைத்தால் தூண் கறுத்துவிடும், தூணுக்கு வைத்தால் முற்றம் வெளுத்துவிடும். டி5600-ஐ ட்ரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ 100-இல், வெளிச்சம் வெளுக்காத அளவில், சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் நிழலைத் தூக்கினால் தூணின் செதுக்கு வேலை சுத்தமாக வெளியே வருகிறது. சோனியின் ரா ஃபைலையும் தூக்கலாம், ஆனால் கொஞ்ச தூரத்திலேயே நிழலில் நிறம் கலங்க ஆரம்பிக்கும். பெரிய சென்சாரின் பலன் முழுதாகத் தெரிவது இங்கேதான், கையில் பிடித்து எடுக்கும் படத்தில் இல்லை.

கூடவே 10-20 மி.மீ. வைடு லென்ஸ். 230 கிராம்தான், கோணம் 15 மி.மீ.க்குச் சமம். முகப்பில் நின்றால் பின்வாசல் வரை வாசல் நிலைகள் ஒரே நேர்கோட்டில் போவதை, இருபக்கச் சுவரோடும் உத்தரத்தோடும் ஒரே சட்டத்தில் பிடிக்க எனக்கு இதுவரை வேறு வழி கிடைக்கவில்லை. ட்ரைபாடை மட்டம் பார்த்து வையுங்கள். கொஞ்சம் அண்ணாந்தாலும் தூணெல்லாம் உள்நோக்கிச் சாயும்.

இந்த வீடுகள் பிரிபட்டுக்கொண்டே இருக்கின்றன. நிலையும் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போய்விடுகின்றன. நிலைக்கு மேலே இருக்கும் கஜலட்சுமியின் விரல்கூடத் தெரியும்படி ஒரு படமாவது மிச்சமிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்காக எவ்வளவு எடையைத் தூக்கினாலும் தகும்.

மனிதர்கள் என்று வந்தால் கதையே வேறு. பெரிய கேமராவையும் ட்ரைபாடையும் பார்த்ததும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "என்ன தம்பி, ஷூட்டிங்கா? முதலாளியக் கேக்கணுமே" என்பார். நியாயமான கேள்விதான், இந்தப் பக்கம் அவ்வளவு சினிமா எடுத்திருக்கிறார்கள். சின்னக் கேமராவோடு உட்கார்ந்து பேசிவிட்டு, "ஆச்சி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால், "எடுத்துக்கப்பா" என்று ஓலைக் கூடையான கொட்டான் பின்னுவதைத் தொடர்வார். ஷட்டர் சத்தமும் கேட்காது.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் செய்யும் இடத்துக்கு நான் டிஎஸ்எல்ஆர் எடுத்துப் போவதையே விட்டுவிட்டேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் சிமென்ட்டை ஒவ்வொரு அறையிலும் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே சிமென்ட்டும் மணலும் போடுவது வரை கை நிற்காமல் வேலை நடக்கும். வைடில் வைத்தால் சோனி 5 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்கிறது. கிட் லென்ஸுக்கு 25 செ.மீ. வேண்டும். சின்ன சென்சார் என்பதால் லென்ஸை முழுக்கத் திறந்தாலும் அச்சு, கை இரண்டும் தெளிவாக விழுகின்றன.

இதற்கு நேர் எதிர், சிராவயல் மஞ்சுவிரட்டு. மாடு ஓடும் பொட்டலில் 70 மி.மீ.யோடு நின்றுவிடும் சோனியின் ஜூம் எதற்கும் ஆகாது. 70-300 லென்ஸ், கண்ணை ஒட்டிய ஆப்டிகல் வியூஃபைண்டர், ஓடும் மாட்டைத் தொடரும் 39 புள்ளி ஃபோகஸ் எல்லாம் சேர்ந்தால்தான் தடுப்புக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நின்றுகொண்டு எடுக்க முடியும். வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்கும் அதே லென்ஸ்தான்.

பேட்டரியில் காம்பாக்ட் பின்தங்கும். நிறுவனங்களின் கணக்குப்படி டி5600 ஒரு சார்ஜில் 970 படம், சோனி 320. ஆனால் சோனிக்குப் பவர் பேங்க்கிலேயே சார்ஜ் ஏறும், டி5600 பேட்டரிக்குத் தனி சார்ஜரும் பிளக் பாயின்ட்டும் வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் கரன்ட் இருக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அப்புறம் தூசி. நம் பக்கத்துச் செம்மண் தூசி, லென்ஸ் நீண்டு மடங்கும் எந்தக் காம்பாக்ட்டுக்கும் ஆகாது. உள்ளே புகுந்துவிட்டால் லென்ஸைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் உள்ளிருக்கும் கண்ணாடியைத் தூக்கிவைத்து ப்ளோயரால் ஊதினாலே பெரும்பாலும் போய்விடும். மாட்டுவண்டிப் பாதை, தேர்க்கூட்டம் என்றால் காம்பாக்ட்டை ஜிப் வைத்த பையிலேயே வையுங்கள்.

இப்போது வாங்குவதென்றால் இரண்டையுமே பழையதாகத்தான் தேட வேண்டியிருக்கும். நிக்கானின் கடைசி டிஎஸ்எல்ஆர்கள் 2020-இல் வந்தவை. காம்பாக்ட் வாங்கும்போது வெள்ளைச் சுவரை எஃப் 11-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், தூசி இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். டிஎஸ்எல்ஆருக்கு லென்ஸ் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். நான் சொன்ன 10-20, நிக்கானின் புதுவகை ஃபோகஸ் மோட்டார் உள்ள ஏஎஃப்-பி வகை, அது டி90, டி3200 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. டி5600-இலோ உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது, தனக்கென்று மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருக வேண்டியிருக்கும்.