ஃப்ளாட் விக்கறதுக்கு முன்னாடி மாடுலர் கிச்சனா, பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங்கா?

சென்னையில பழைய ஃப்ளாட் விக்கப்போற நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு, ரெண்டுக்கும் சேர்த்து செலவு பண்ண முடியாதவங்களுக்காக சொல்றேன்.

செலவு
கிச்சன்: லட்சத்துக்கு மேல ஈஸியா போயிடும்.
பாத்ரூம்: அதவிட கம்மி, ஆனா உடைச்சப்புறம் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) துருப்பிடிச்சு கிடந்தா சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்கு மாத்தணும்.

எவ்ளோ நாள் உழைக்கும்
கிச்சன்: ஐஎஸ் 710 தரத்துல வர்ற மரைன் ப்ளைன்னா (தண்ணி தாங்குற ப்ளைவுட்) தாங்கும், மரத்தூள அழுத்தி செஞ்ச பார்ட்டிகிள் போர்டுன்னா சிங்க்குக்கு கீழ ஊதிப்போய் கீல் ஸ்க்ரூ பிடிக்காது.
பாத்ரூம்: பழைய டைல்ஸ் மேலயே புதுசு ஒட்டுறதால கசிவு நிக்காது, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. அடி வரைக்கும் எடுத்து, கோட்டிங் அடிச்சு, தண்ணி கட்டி ரெண்டு நாள் விட்டு, கீழ்வீட்டு சீலிங்ல ஈரம் தெரியுதான்னு பாத்துட்டுதான் டைல்ஸ் ஒட்டணும்.

சிரமம்
கிச்சன் சில நாள்ல ஃபிட் பண்ணிடுவாங்க. பாத்ரூம்ல தூசி, சத்தம், அசோசியேஷன் பர்மிஷன் எல்லாம் உண்டு.

விக்கற விலை
வாங்க வர்றவங்க முதல்ல கேக்கறது யூடிஎஸ் (ஃப்ளாட்டோட சேர்ந்து வர்ற நிலத்துப் பங்கு) எவ்ளோ, பார்க்கிங் இருக்கா, எந்த ஏரியான்னுதான், கிச்சனுக்குன்னு தனியா காசு சேர்த்துத் தரமாட்டாங்க, அவங்க டேஸ்ட்டுக்கு எப்படியும் மாத்திப்பாங்க. ஆனா சுவத்துல உப்பு பூத்து பெயிண்ட் உரிஞ்சிருந்தா பேரம் அங்கயே ஆரம்பிக்கும், ரிப்பேர் செலவ விட ஜாஸ்தியாவே குறைச்சுக் கேப்பாங்க.

சீக்கிரம் விக்கணும்னா பாத்ரூம்தான். இன்னும் பல வருஷம் நீங்களே குடியிருக்கப் போறீங்க, கசிவும் இல்லைன்னா தாராளமா கிச்சன் போடுங்க. வாடகைக்கு விடறவங்களுக்கு கிச்சன்ல இருக்கற கடப்பா கல்லு ஸ்லாப்புக்கு கீழ வெறும் கதவு அடிச்சாலே போதும்.