ஆன்லைன் தேர்வு நடத்தித் தரும் தளத்தில் 37,760 ரூபாய் போச்சு. கோச்சிங் நடத்துபவர்கள் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

குரூப் 4 தேர்வுக்குச் சின்னதாக ஒரு பயிற்சி மையம் நடத்துகிறேன். 110 பிள்ளைகள். பாதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் என்பதால் மாதிரித் தேர்வை ஆன்லைனில் வைக்க நினைத்தேன். கேள்வித்தாள் தயாரிப்பது, தேர்வு நடத்துவது, மார்க்கை அலசுவது எல்லாம் ஒரே இடத்தில் என்று விளம்பரம் செய்யும் ஒரு தளத்தில் வருடச் சந்தா கட்டினேன். 32,000, ஜிஎஸ்டி சேர்த்து 37,760 ரூபாய். அத்தனையும் பிள்ளைகள் கட்டிய ஃபீஸ்.

டெமோ காட்டிய பையன் அவ்வளவு மரியாதையாகப் பேசினான். நான் சொன்ன கேள்வி ஒன்றை அங்கேயே தமிழில் அடித்துக் காட்டினான், எழுத்து உடையவில்லை. "110 பேர் ஒரே நேரத்துல வருவாங்க தம்பி" என்றேன். "ஆயிரம் பேர் வந்தாலும் தாங்கும் சார், நான் இருக்கேன்" என்றான். அந்த 'நான் இருக்கேன்'தான் என்னைக் கவிழ்த்தது. அன்று மாலையே பணம் அனுப்பிவிட்டேன்.

போன ஞாயிறு காலை 10 மணிக்குத் தேர்வு. 200 கேள்வி, மூன்று மணி நேரம். பத்தரைக்குள் போன் மேல் போன். கேள்வி திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்க, கடிகாரம் மட்டும் ஓடியிருக்கிறது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளை, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு கடை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். "சார், 71-வது கேள்வியில நேரம் முடிஞ்சுதுன்னு தானா சப்மிட் ஆயிருச்சு சார்" என்று அழுதாள். எனக்குப் பதில் வரவில்லை.

ரிசல்ட் அதைவிட மோசம். முழுசாக எழுதி முடித்தவர்கள் எல்லோருக்கும் 300-க்கு 60-ஐச் சுற்றியே மார்க். எப்போதும் 240 எடுக்கும் பையனுக்கு 63. ஐந்து விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 60 வரும்! அப்புறம்தான் பிடிபட்டது. காப்பி அடிக்காமல் இருக்க விடைகளின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டும் வசதியைப் போட்டிருந்தேன். விடைகள் இடம் மாறின, விடைக்குறிப்பு பழைய A, B, C எழுத்திலேயே நின்றுவிட்டது. ஐந்தாவது விடையாகக் கடைசியில் வரவேண்டிய 'விடை தெரியவில்லை' பலருக்கு முதலில் வந்திருக்கிறது.

கூப்பிட்டால் முதல் நாள், "உங்க பசங்க நெட் ஸ்லோ சார்." அடுத்த நாள், "உங்க பிளான்ல ஒரே நேரத்துல 50 பேர்தான்." அதற்கடுத்த நாள் புகாருக்கு டிக்கெட் நம்பர் ஒன்று வந்தது, அதையும் அவர்களே மூடிவிட்டார்கள். அந்தப் பையன் இப்போது போனையே எடுப்பதில்லை. 37,760 ரூபாயைத் திருப்பிக் கேட்டால் நிபந்தனையில் இல்லையாம். சரி, இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக அடித்த 1,400 கேள்விகளையாவது கொடுங்கள் என்றேன். டவுன்லோட் வசதி இதைவிடப் பெரிய பிளானில்தான் உண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியதை விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. டெமோவை அவர்கள் கையில் விடாதீர்கள், உங்கள் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். வாய் வார்த்தையை மெயிலில் எழுதி வாங்குங்கள். கேள்விகளை உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வருடச் சந்தா வேண்டவே வேண்டாம், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

வரும் ஞாயிறு தேர்வு எங்கள் பயிற்சி மையத்திலேயே, வட்டத்தைக் கருப்பாக்கும் ஓஎம்ஆர் தாளில். ஜவுளிக்கடைப் பிள்ளைக்குச் சாயங்காலம் கடை முடிந்த பிறகு தனியாக வைக்கிறேன்.