வேகமாகச் சூடேறும் பழைய மின்சூளை: கையால் அடக்குவதா, கொன்ட்ரோலர் பூட்டுவதா?

மட்பாண்டம் சுட ஒரு பழைய மின்சூளை வாங்கினேன். முதல் சுடலில் 17 கோப்பை அடுக்கினேன், 12 வெடித்துவிட்டன. மூன்று சுவிட்சும் ‘லோ’வில்தான் இருந்தன. அப்படியிருந்தும் இரண்டு மணி நேரத்துக்குள் 500 பாகையைத் தாண்டிவிட்டது என்று இரவல் வாங்கிய பைரோமீட்டர், அதாவது சூளை வெப்பமானி, காட்டியது. இன்னும் சுடாத பச்சை மண்ணுக்கு மணிக்கு 60, 70 பாகைதான் ஏற வேண்டும். நான் இருப்பது இலங்கை மலையகத்தில், ஹட்டனில். இந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், மழைக் காலத்தில் சட்டி காய வாரக்கணக்காகும். ஈரம் மிச்சமிருக்கும் மண்ணை வேகமாகச் சூடாக்கினால் உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்காமல் என்ன செய்யும்?

சூளை அமெரிக்காவில் செய்தது, கைமாறி வந்தது. அதன் தகட்டைப் படித்ததும் பாதி விஷயம் விளங்கியது: 208 வோல்ட், 24 ஆம்பியர். நம் வீட்டு மின்சாரம் 230. சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால் 5 கிலோவாட் சூளை இங்கே 6.1 கிலோவாட் இழுக்கிறது. ஊர் உறங்கியபின் என் வீட்டில் மீட்டர் 238 காட்டும். அப்போது கிட்டத்தட்ட 6.5.

மீதிப் பாதி சுவிட்சில் இருந்தது. இவ்வகைச் சுவிட்ச் ‘லோ’வில் இருக்கும்போது சில நொடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்று விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். காதை வைத்துக் கேட்டேன். மேலும் கீழும் டிக்கின, நடுச்சுவிட்ச் மூச்சே விடவில்லை. உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டு, எந்த எண்ணில் திருப்பினாலும் முழுக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. மின்சார அடுப்பு ஹாட்பிளேட் பலவற்றில் வருவதும் இதே வகைதான். ஆம்பியரும் வோல்ட்டேஜும் பொருந்துகிறதா என்று பார்த்து அடுப்புத் திருத்தும் கடையில் வாங்கி மாற்றினேன்.

சுவிட்சை மாற்றிய பிறகும் சூளை வேகமாகத்தான் ஏறியது. அதன்பின் எனக்கு மூன்று வழி இருந்தது.

முதலாவது, கையாலேயே அடக்குவது. மூடியை இரண்டு விரல் அளவு தூக்கி வைத்து, அடிச்சுவிட்சை மட்டும் போட்டு ஆரம்பித்து, அரை மணிக்கொரு முறை எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றுவது. உள்ளே கூடுதல் தட்டும் செங்கல்லும் அடுக்கினால் வேகம் இன்னும் குறையும். செலவே இல்லை. கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஏனென்றால் சூளையை அணைக்கும் ‘சிட்டர்’ என்ற பழைய பொறி முழுக்க இரும்பு நெம்புகோல்தான். உள்ளே வைக்கும் கோன், அதாவது குறித்த சூட்டில் இளகும் சிறு மண்கூம்பு, வளைந்ததும் அது விழுந்து கரண்டைத் துண்டிக்கும். ஆனால் பத்து மணி நேரம் சூளையைவிட்டு நகர முடியாது. நான் எட்டு முறை இப்படிச் சுட்டேன். ஆறு நன்றாக வந்தது, இரண்டில் கண்ணயர்ந்துவிட்டேன்.

இரண்டாவது, சூடேற்றும் கம்பிச்சுருளான கொயிலை 230 வோல்ட்டுக்கு ஏற்றபடி புதிதாகச் சுற்றி மாற்றுவது. நோயின் வேருக்கு மருந்து என்றால் அது இதுதான். ஆனால் என் கொயில்கள் நல்ல நிலையில் இருந்தன. சுவிட்சுக்கு ஒன்றாக மூன்று கொயில், மல்டிமீட்டரில் ஒவ்வொன்றும் 26 ஓம், தகட்டுக் கணக்கும் அதேதான். கொயில் பழகப் பழகத் தடை கூடிச் சூடு குறையும். அதனால் இப்போதுள்ள மிகை தேய்மானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை, அதனால் கணக்கை மட்டுமே சொல்ல முடிகிறது.

நான் எடுத்தது மூன்றாவது வழி: சுவரில் தனிப் பெட்டி, அதில் வெப்பத்தைப் பார்த்துப் பார்த்துக் கரண்டை விட்டுப் பிடிக்கும் பிஐடி கொன்ட்ரோலர், அது சொன்னபடி பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சாக ஒரு கொன்டக்டர், சூளைக்குள் வெப்பத்தை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள். பார்க்க வசதியாக இருக்கிறது, படுத்துத் தூங்கலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. நான் முடிவெடுத்த காரணம் வேறு: பழுதானால் யார் திருத்துவார்?

சூளைக்கென்றே செய்த கொன்ட்ரோலரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மண்ணுக்கேற்ற நிரல் எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் ஒரு போர்டு எரிந்தால், அதுவும் ஐப்பசி இடிமழையில் எரிந்தால், அடுத்தது வரும்வரை சூளை சும்மா கிடக்கும். கொன்டக்டர் அப்படியில்லை. கொழுந்து வாடவைக்கும் காற்றாடி மோட்டார்கள் ஓடுகிற தேயிலை பேக்டரி ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது, அதை முப்பது வருடமாகக் கழற்றிப் பூட்டுகிறவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்து பேக்டரி எலக்ட்ரீசியன் அண்ணன் வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இது எங்க மோட்டார் பேனல் மாதிரித்தானே அக்கா” என்றார். அன்றைக்கே இந்த வழிதான் என்று தீர்மானித்துவிட்டேன்.

தடுமாறிய இடம் ஒன்றுதான். தெர்மோகப்பிளின் வயரில் ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. சிவப்பு பிளஸ் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். சூளை சூடாக ஆக, திரையில் எண் இறங்கிக்கொண்டே போனது. அமெரிக்க வகையில் சிவப்புதான் மைனஸ். மாற்றிப் பூட்டியதும் சரியாகிவிட்டது.

வாங்கும்போது இரண்டு விஷயத்தைக் கேளுங்கள். மணிக்கு இத்தனை பாகை என்று ஏற்றத்தைக் குறித்துக் கொடுக்க முடிகிற வகையா? மலிவானவை பல, குறித்த வெப்பத்துக்கு முழு வேகத்தில் ஓடி அங்கே நிற்பவை. நம் வேகப் பிரச்சினைக்கு அவை உதவாது. அப்புறம், கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்தில் தொடருமா, முதலிலிருந்து ஆரம்பிக்குமா? 2022இன் மின்வெட்டை அனுபவித்த யாருக்கும் இதன் அருமை புரியும்.

கொன்டக்டருக்குப் பதில் எஸ்எஸ்ஆர் எனும், அசையும் முனையில்லாத மின்னணுச் சுவிட்ச் போடலாம், சத்தம் வராது. என் கொன்டக்டர் 20 நொடிக்கு ஒருமுறை தட்டுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 180 தட்டல், முனை தேயத்தான் செய்யும். தேய்ந்தால் மாற்றக் கடையில் இருக்கிறது. எஸ்எஸ்ஆர் பழுதாகும்போது பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே நின்றுவிடும் என்பதுதான் எனக்குப் பயம். கொன்டக்டரும் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் பழைய சிட்டரைக் கழற்றவில்லை. ஒவ்வொரு சுடலிலும் வேண்டிய அளவுக்கு ஒரு படி மேலான கோனை அதில் வைக்கிறேன், வெப்பம் எல்லை மீறினால் அது விழுந்து அணைத்துவிடும். சிட்டரில் நேரம் முடிந்ததும் அணைக்கும் டைமர் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது, இங்கே 50 என்பதால் பத்து மணி வைத்தால் பன்னிரண்டு மணி ஓடும். கழித்தே வைக்கிறேன்.

இப்போது 85 பாகையில் நான்கு மணி நேரம் நிறுத்தி ஈரத்தைப் போக்குகிறேன். பிறகு 600 வரை மணிக்கு 70, அதற்குமேல் 120, கோன் 04 வளையும் சூடு வரை. முப்பதுக்கு மேல் சுட்டாயிற்று, ஈரத்தால் ஒன்றும் வெடிக்கவில்லை. அதைவிட அதிகச் சூடான கோன் 6 வரை இரண்டே முறைதான் போனேன், அந்தச் சூட்டில் தெர்மோகப்பிள் எத்தனை காலம் தாங்கும் என்று சொல்ல அது போதாது.

கரண்ட் இழுப்பைக் கொன்ட்ரோலர் குறைப்பதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். ‘ஆன்’ ஆகும் ஒவ்வொரு நொடியும் மூன்று கொயிலும் சேர்ந்து, 230 வோல்ட்டில், முன்பு போலவே 26.5 ஆம்பியரைத்தான் தாங்குகின்றன. கொயில் மாற்றும் நாள் வரும்போது ஒவ்வொன்றும் 32 ஓம் இருக்கும்படி சுற்றச் சொல்ல வேண்டும். அந்த 32ஐக் கொன்ட்ரோலர் பெட்டியின் உள்கதவில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.